சூளைப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருவள்ளூர்ப் பக்கம் மாற்றலாகி, செங்கல் சூளைகளெல்லாம் உன் பொறுப்பில் வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. முழங்கால் வலி தவிர இங்கே எல்லோரும் நலம். "ஒடிசாக்காரர்கள் ஊசியே வேண்டாம் என்கிறார்கள், என்ன செய்ய?" என்று கேட்டிருந்தாய். அதையே எழுதுகிறேன்.

பதிவேட்டில் 'மறுப்பு' என்று ஒரு வார்த்தையை எழுதி மூடிவிடாதே. உத்தரப் பிரதேசத்தில் வீடு வீடாகப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தபோது, பிள்ளை விடுபட்ட வீட்டுச் சுவரில் 'எக்ஸ்' குறி போட்டார்கள். வீடு பூட்டியிருந்ததா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, வெளியூர் போயிருக்கிறதா, வேண்டாம் என்றார்களா என்பதையும் தனித்தனியாகக் குறித்தார்கள். பூட்டிய வீட்டுக்குத் திரும்பவும் போனால் போதும். மருந்து கொடுத்தால் பின்னாளில் பிள்ளைப்பேறு இருக்காது என்று பயந்த முஸ்லிம் குடும்பங்களிடம் அது செல்லாது. அங்கே இமாம்களே பேசினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வகைப் போலியோ வரவில்லை.

சூளையில் பெரும்பாலும் கூலிதான் காரணம். கல் அறுப்பவர்களுக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே அறுக்கிறார்கள். ஊசி போட்ட பிள்ளை இரவெல்லாம் அழுதால் மறுநாள் கல் குறையும், வாங்கிய அட்வான்ஸ் கழியாது. வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுவார்கள். காலை பத்து மணிக்கு நீ போய் நின்றால் யாரும் எழுந்து வரமாட்டார்கள். வாரச் செலவுக்குப் பணம் கொடுக்கும் நாள் எது என்று கேட்டு வை. அன்று சந்தைக்குப் போகுமுன் எல்லோரும் குடிசையில் இருப்பார்கள். அது வழக்கமான ஊசி நாளான புதன்கிழமையாக இல்லாவிட்டால், மருத்துவ அலுவலரிடம் சொல்லித் தனி முகாமுக்கு அனுமதி வாங்கு. முதலாளியிடம் அனுமதி கேள், ஆனால் முகாமில் அவர் நிற்க வேண்டாம்.

மேஸ்திரியை மொழிபெயர்க்க வைக்காதே. அவரிடம் கடன்பட்டவர்கள் அவர் எதிரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், பிள்ளை வராது. கல் அறுக்கும் பெண்களிலேயே கொஞ்சம் தமிழோ தெலுங்கோ தெரிந்தவர் இருப்பார், அவரைப் பிடி. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்துக்காரர்கள் என்றால் பேசுவது சம்பல்புரி. நகரத்து ஒடியாவில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டால் ஒட்டாது. எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர்கள் ஊர் ஆஷாவுக்கு (கிராமத்து சுகாதாரப் பணியாளர்) போன் போட்டுத் தாயிடம் கொடுப்பதுதான். ஊசி விவரம் எழுதும் தாய்-சேய் அட்டையில் ஆஷாவின் நம்பர் எழுத இடம் உண்டு. அட்டை பாட்டியிடம் ஊரில் இருந்தால், வாட்ஸ்அப்பில் படம் கேள்.

முகாமுக்கு முந்தின வாரமே குடிசை குடிசையாகப் போய்ப் பட்டியல் எடு. பிறந்த தேதி கேட்டால் தெரியாது என்பார்கள். "நுவாகாய்க்கு முன்னா பின்னா? புஷ்புனி சமயம் தவழ்ந்ததா?" என்று கேள். முன்னது ஆகஸ்ட்-செப்டம்பரில் வரும் புத்தரிசித் திருநாள், பின்னது ஜனவரிப் பௌர்ணமி. வயது ஏறக்குறைய மாதக்கணக்கில் வந்துவிடும்.

அட்டையும் இல்லை, யாருக்கும் நினைவும் இல்லை என்றால், போடாத பிள்ளை என்றே வைத்துக்கொள். ஒரு டோஸ் கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை. நடுவில் விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர், முதலிலிருந்து வேண்டாம். டோஸ்களுக்கிடையே குறைந்தது நான்கு வாரம். ஒரு வயது தாண்டியும் பென்டா (ஐந்து நோய்களுக்கான ஊசி) தொடங்கவில்லை என்றால், அதற்குப் பதில் டி.பி.டி. (மூன்று நோய்களுக்கான ஊசி) போடு. எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) ஐந்து வயதுவரை போடலாம்.

காய்ச்சலைப் பற்றி ஊசிக்கு முன்பே சொல். பென்டாவுக்கு அன்றோ மறுநாளோ வரும். எம்.ஆருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அடுத்த முறை அந்த வரிசையே காலி. காசநோய்க்கான பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரம் கழித்துப் புண்ணாகும், அதில் மருந்து தடவக் கூடாது என்பதையும் சொல். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். மருந்தைக் கையில் கொடுத்து, அளவை மூடியிலேயே கோடு போட்டுக் காட்டு. அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பு.

சூளை வெயிலில் ஊசி மருந்து இருக்கும் கேரியரைத் தார்ப்பாய் நிழலில் வை. ஐஸ் பேக்கை உலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். கல்லாக உறைந்ததை அப்படியே வைத்தால் பென்டா உறைந்து பயனற்றுப் போகும். தூளைக் கரைத்துக் கலக்கிய எம்.ஆர்., பி.சி.ஜி. நான்கு மணி நேரம்தான் பயன்படும். மீதி வீணாகுமே என்று ஒற்றைப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஆறவே ஆறாது. ஒரு பிள்ளைக்காகவும் குப்பியை உடைக்கலாம். நடந்து வந்த தாய் திரும்ப வருவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஜூன் மழைக்கு முன் எல்லோரும் ஊர் கிளம்பிவிடுவார்கள். மே மாதமே அட்டையை நிரப்பி, படம் எடுத்து அவர்கள் போனில் போட்டுவிடு. அடுத்த டோஸ் தேதியோடு பட்டியலை அந்த ஊர் ஆஷாக்களுக்கும் அனுப்பு. உன் பகுதியில் எத்தனை சூளை, எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று எழுது. சேர்ந்து பார்த்து நாள் குறிக்கலாம்.

அன்புடன்,
உன் தோழி