பிளாட் விலையில் சேராத பெட்ரோல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘மாட்டுத்தாவணியிலிருந்து 15 நிமிடம்’ என்று மதுரையை ஒட்டிய ஒத்தக்கடை, ஊமச்சிகுளம் பக்கத்து பிளாட் (வீட்டுமனை) விளம்பரங்களில் போடுகிறார்கள். அந்த 15 நிமிடம் வண்டியில் பெட்ரோல் இருப்பவருக்கு மட்டும். நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. எண்ணெய் ஒரே நாளில் தீர்ந்துவிடப் போவதில்லை. விலை ஏறும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். நடுவில் தட்டுப்பாடும் வரும். இதைச் சொன்னாலே பலரும் மாடியில் சோலார் போடுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கணக்குப் போட்டால் முதலில் கவனிக்க வேண்டியது வேறு.

வேலைக்குப் போக 14 கி.மீ. என்றால் போக வர 28. மாதம் 25 நாளுக்கு 700 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் வண்டிக்குப் பதினைந்தரை லிட்டர்; வீட்டில் இரண்டு வண்டி ஓடினால் 31 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. ஆக மாதம் 280 யூனிட் சாலையிலேயே எரிகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது சுமார் 180 யூனிட். அதுவும் சிறு குடும்பத்துக்கு ஒரு மாதத்தைத் தாண்டி வரும். எல்இடி பல்பு மாற்றி மிச்சம் பிடிப்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அதே 28 கி.மீ.யை மின்சார ஸ்கூட்டர், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட் சொச்சத்தில் ஓடி முடிக்கும். ஒரு கிலோவாட் சோலார் நம் வெயிலுக்குச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். ஆகவே வண்டியை மாற்றிய வீட்டில்தான் சோலாருக்குப் பெரிய வேலை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. போடுகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளட்டும். பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்; கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மற்றொன்று, மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல். ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசையில் இருக்கும் மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையக்கூடும்.

தண்ணீர்க் கணக்கை யாரும் போடுவதில்லை. போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) 200 அடியில் தண்ணீர் நின்றால் 1,000 லிட்டரை மேலேற்ற அரை யூனிட் ஆகும். 600 அடிக்கு இறங்கிவிட்டால் ஒன்றரை யூனிட். போரின் ஆழத்தை வைத்துச் சொல்லவில்லை, மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்தை வைத்துச் சொல்வது. போர் வற்றினால் டீசல் லாரித் தண்ணீர்தான். மாடக்குளம் கண்மாய் நிறைந்த வருஷத்தில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறுவது ஊரறிந்த சங்கதி. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைத்து பிளாட் போட்டால், அங்கே குடிவருகிறவர்கள் அதற்கான விலையை மாதாமாதம் கரண்ட் பில்லில் கட்டுவார்கள். 2003இல் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பு பல வீடுகளில் பெயருக்கு ஒரு குழாயோடு நிற்கிறது. வடிகட்டும் குழியின் மேல் மணலை ஐப்பசி மழைக்கு முன்பே அள்ளிக் கழுவிப் போடாவிட்டால் வண்டல் அடைத்து நீர் இறங்காது. மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராக போருக்குள் விடவே கூடாது.

சிலிண்டரை விட்டுக் கரண்ட் அடுப்புக்கு மாறுகிறவர்களுக்கு இரண்டு வரி: 2,000 வாட் இண்டக்‌ஷனுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியாவது வேண்டும். சாதாரண பிளக்கில் சொருகினால் உருகக்கூடும். அலுமினிய இட்லிச் சட்டி அதில் சூடாகாது.

இவ்வளவு செய்தாலும் தூரம் அப்படியே இருக்கும். எல்லோராலும் புது ஸ்கூட்டர் வாங்க முடியாது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. ஆனால் பிரதான சாலையில் இறங்கியபின் பிளாட் வரை உள்ள இரண்டு கி.மீ.க்கு ஆட்டோவைத்தான் பிடிக்க வேண்டும். சைக்கிளில் அது பத்து நிமிடம்கூட இல்லை. வழியில் நிழல் இல்லை, நிறுத்தத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமில்லை. மனைப் பிரிவுக்கு அனுமதி தரும்போது சாலை அகலத்தை அளக்கிறார்கள். பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து அளந்தால் என்ன?

திருமங்கலம், திருப்பரங்குன்றம், மதுரை, கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான் என ஏறத்தாழ 40 கி.மீ.க்குள் ஆறு ஸ்டேஷன்கள், இரட்டைப் பாதை, மின்சார வசதி எல்லாம் இப்போதே இருக்கின்றன. திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ வரும்போது வரட்டும். அதுவரை காலை எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் இரண்டு திசையிலும் இரண்டு பாசஞ்சர், மாலை ஐந்தரைக்கு மேல் அதேபோல் இரண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூரையோடு ஒரு சைக்கிள் ஸ்டாண்ட். மதுரை ரயில்வே கோட்டமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து உட்கார்ந்து இதை முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.