டெரிஃபிலின் ஊசியைக் கையில் எடுக்கும் முன்: செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட மருத்துவமனைகளின் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனி இறங்கியதும் இழுப்போடு வருவோர் கூடிவிடுகிறார்கள். விறகடுப்புப் புகை, பீடி, கிரானைட் தூசு என்று நுரையீரல் ஏற்கெனவே கெட்டவர்கள் அவர்களில் பலர். கூட்டம் சேர்ந்தால் அவசரமும் சேரும். அதற்கு முன்பே வார்டுகளில் சில வழக்கங்களை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

முதலில் ஊசி. மூச்சுக்குழாயை விரிக்கும் அமினோஃபிலினும் டெரிஃபிலினும் ஒரே குடும்பம், இரண்டிலும் இருப்பது தியோஃபிலின். குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் தூரம் மிகக் குறைவு. ரத்தத்தில் தியோஃபிலின் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் வாந்தி, படபடப்பு, கை நடுக்கம். இன்னும் ஏறினால் இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு. வாந்தியே இல்லாமல் நேராக வலிப்பும் வரும். அமினோஃபிலின் 250 மி.கி. ஆம்பூலை சிரிஞ்சில் இழுத்து நரம்பில் தள்ளிவிடுவது ஆபத்து. 100 மி.லி. சலைனில் கலந்து குறைந்தது 20 நிமிடம் ஓடட்டும்.

வீட்டில் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முழு முதல் டோஸ் கொடுக்கக் கூடாது. மாத்திரைப் பையை வாங்கிப் பார்த்து டாக்டரிடம் சொன்ன பிறகே ஊசி. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் இரண்டும் தியோஃபிலினை உடம்பிலேயே தேங்க வைக்கும். சளிக்கென்று மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள், நாம் கேட்டால்தான் சொல்வார்கள். பீடியின் கணக்கு தலைகீழ். பீடி குடிப்பவரின் கல்லீரல் இந்த மருந்தை வேகமாகக் கழிக்கும். வார்டில் சேர்ந்து பீடி நின்ற சில நாளில் அதே டோஸ் கூடுதலாகிவிடும். கேஸ் ஷீட்டில் பீடிப் பழக்கத்தை எழுதுவது இதற்காகத்தான், அறிவுரை சொல்ல அல்ல.

அடுத்து, மருந்தை ஆவிபோலாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர். பெரியவருக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 2.5 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 5 மி.கி. கரைசலில் அரை மி.லி. அதை நார்மல் சலைன் விட்டு 3 முதல் 4 மி.லி. ஆக்குங்கள். ஊசிக்கான தண்ணீரைக் கலந்தால் மூச்சுக்குழாய் இன்னும் சுருங்கும். நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எழுத வேண்டும். சால்பியூட்டமால் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரிக்கும் லாசிக்ஸும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். கால் தளர்ச்சி, துடிப்பு தப்புவது என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியம் கலந்திருந்தால் மாஸ்க் இறுக்கமாக இருக்கட்டும். கசிந்து கண்ணில் பட்டால் கண் அழுத்த நோய் உள்ளவருக்குக் கண்ணே போகலாம். அவர்களுக்கு வாயில் வைக்கும் குழாய் நல்லது.

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜனை வாரி இறைப்பது உதவி அல்ல. கரியமில வாயு தேங்கி மயக்கத்துக்குப் போவார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் போதும். நெபுலைசரைக் காற்று கம்ப்ரசரில் ஓட்டுங்கள். ஆக்சிஜனில்தான் ஓட்ட வேண்டுமென்றால் 6 நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நடப்பது தனிக்கதை. கருவியில் வைத்து உள்ளே இழுக்க வேண்டிய மருந்துப்பொடிக் காப்ஸ்யூலான ரோட்டாகேப்பைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்கள் உண்டு. காப்ஸ்யூல் என்று கையில் கொடுத்தால் வேறென்ன செய்வார்கள்? தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுவோரிடம் தமிழில் வேகமாகச் சொல்லி அனுப்புவதில் பயனில்லை. செய்து காட்டி, அவர்களையும் செய்ய வையுங்கள். பம்பு (இன்ஹேலர்) என்றால்: நன்றாகக் குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, மெதுவாக இழுக்கும்போது ஒரு அழுத்து, 10 விநாடி அடக்கு, அடுத்த அழுத்துக்கு முன் அரை நிமிடமாவது பொறு. ஸ்டீராய்டு பம்பு, ரோட்டாகேப் எதுவானாலும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையேல் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். பம்போடு பொருத்தி மருந்தை இழுக்கும் ஸ்பேசர் குடுவை வாங்க வசதியில்லாதவருக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, கசிவில்லாமல் அடைத்துக் கொடுக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலர்த்தினால் மருந்து சுவரில் ஒட்டுவது குறையும்.

வீடு தேடி மருந்து கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இங்கே சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் தன்னார்வலர்கள் பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால், அட்டையில் அட்டினோலால், புரோப்ரனோலால் இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லட்டும். இவை மூச்சுக்குழாயைச் சுருக்கும், இழுப்பு கூடும். ஆனால் யாரும் தானாக நிறுத்தக் கூடாது.

கார்த்திகை முடிவதற்குள் ஒவ்வொரு வார்டிலும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே தியோஃபிலின் மாத்திரை, பீடி, ஆன்டிபயாடிக், கண் நோய், பிரஷர் மாத்திரை ஆகிய ஐந்துக்கும் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். நைட் டியூட்டியில் ஒற்றைச் செவிலியர் இருந்தாலும் ஒரே பார்வையில் படிக்க முடிய வேண்டும்.

இப்படிக்கு,
சுவாச நோய் வார்டுச் செவிலியர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி