தன் வீட்டுக்கு எதிரே

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கலியாணம் சரிவந்த செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் சுகம். மாரி தொடங்கிவிட்டது. கடல் அடிப்பதால் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கின்றன, மீன் விலையைக் கேட்கவே வேண்டாம்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். எங்கள் பங்குக் கோயில் முகப்பைத் திருத்தக் காசு அனுப்பட்டுமா என்பது ஒன்று. உங்கள் பங்குக் கத்தோலிக்கச் சனங்கள் இப்போது ஊருக்கு என்ன செய்கிறார்கள் என்பது மற்றது. இரண்டாவதைத்தான் நான் நிறைய யோசித்தேன், அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

எங்கள் வேதாகம வகுப்பில் நெகேமியா புத்தகம் வாசிக்கிறோம். மூன்றாம் அதிகாரம் வந்ததும் வழக்கமாக எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள், வெறும் பெயர்ப் பட்டியல் என்று. இந்தமுறை நிதானமாக வாசித்தோம். இடிந்து கிடந்த எருசலேம் மதிலை யார் யார் எந்தத் துண்டில் கட்டினார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகிறது. பிரதான குரு எலியாசிபு ஆட்டு வாசலில் தொடங்குகிறார். ஒரு தட்டார் கட்டுகிறார், அவருக்குப் பக்கத்தில் ஒரு தைலக்காரர். சல்லூம் என்பவர் தன் மகள்மாரையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டுகிறார். தெக்கோவா ஊர்ச் சனங்கள் கட்டினார்கள், அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் தோள் கொடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: இன்னார் ‘தன் வீட்டுக்கு எதிரே’ கட்டினார். அப்படியே 52 நாளில் மதில் முடிந்துவிட்டது.

என் வீட்டுக்கு எதிரே எந்தத் துண்டு இடிந்து கிடக்கிறது என்று ஒவ்வொரு கிறிஸ்தவனும் பார்க்க வேண்டும். ஊருக்குச் சேவை என்று நான் நம்புவது இதைத்தான்.

2017-இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். அந்த வருஷம் நாடு முழுக்க 1,86,101 பேருக்கு டெங்கு. அதற்குப் பிறகு மாரி தொடங்கினால் எங்கள் இளைஞர் மன்றப் பிள்ளைகள் பள்ளிவாசல் பிள்ளைகளோடும் இந்துக் கோயில் அறநெறிப் பிள்ளைகளோடும் சேர்ந்து தெருத் தெருவாகத் துப்புரவுச் சிரமதானத்துக்குப் போகிறார்கள். பதாகை பிடிப்பதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) ஒருவர் கூடவே வந்து எல்லாம் விளக்குவார். டெங்கைப் பரப்பும் நுளம்பு சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். பிறந்த இடத்தை விட்டு அது அதிக தூரம் பறக்காது என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது நெகேமியாதான் எனக்கு நினைவு வந்தது. பக்கத்து வீட்டுப் பூச்சாடித் தட்டில் நிற்கும் தண்ணீர் என் பேரப்பிள்ளையின் காய்ச்சலாகிறது. பக்கத்து வீட்டார் எந்தச் சமயம் என்று நுளம்புக்குத் தெரியாது. அதே பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை கோட்டைப் பக்கம் போய்ப் பொலித்தீன் பொறுக்கினார்கள். அங்கே திரியும் மான்கள் அதைத் தின்று சாகின்றன, பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அடுத்தது ஆஸ்பத்திரி. கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறிப் போன காலம் உனக்கு நினைவிருக்கும். 2009-இல் பாலம் திறந்த பிறகு வருவது இலகு. ஆனால் மூதூர், வெருகல் பக்கமிருந்து நோயாளியோடு வருகிறவர்கள் இன்னும் வாசலில்தான் படுக்கிறார்கள். பிள்ளையை வார்டில் விட்டுவிட்டுக் குளிக்கப் போக முடியாத தாய், கையில் பஸ் காசு மட்டும் வைத்திருக்கும் கிழவர், இப்படி எத்தனையோ பேர். எங்கள் வின்சென்ட் டி போல் சபையார் பகல் சோற்றுப் பார்சல் கொண்டு போகிறார்கள். சோற்றைவிட உதவுவது என்னவென்றால், யாராவது ஒரு மணித்தியாலம் கட்டில் பக்கத்தில் இருப்பதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். போவார், பெயர் கேட்பார், ‘நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாங்கோ, நான் பார்க்கிறேன்’ என்பார். அவ்வளவுதான். நான் அவரைப் பார்த்துத்தான் போகத் தொடங்கினேன்.

இந்தச் சபையின் தொடக்கத்தை அண்மையில் வாசித்தேன். 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவனும் அவன் கூட்டாளிகளும் தொடங்கியது. உங்கள் திருச்சபை முன்பு செய்ததை விடுங்கள், இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று விவாதத்தில் எதிர்த்தரப்பார் கேட்டார்களாம். அவர்கள் பதிலுக்கு வாதாடவில்லை. ரொசாலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரியிடம் போய் எந்த வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டு, ஏழைகளின் வீடுகளுக்கு நடந்து போனார்கள். நீயும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறாய்.

ஒன்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், மச்சான். சோற்றுப் பார்சலோடு ஜெபத் துண்டுப்பிரசுரம் போகக் கூடாது. மதம் மாற்ற வருகிறார்கள் என்ற பயம் இந்த ஊரில் சும்மா வந்ததல்ல. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லால் கோட்டை கட்டிய இடத்தில் நாம் வாழ்கிறோம். பசித்தவனுக்கு மறுக்கும் வழி இல்லை. அந்த நேரம் பார்த்து என் விசுவாசத்தை அவன் கையில் திணிப்பது அன்பாகுமா? நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான், போய்விட்டான். அடிபட்டவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது தாமாக ‘ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், இயேசுவின் பெயரை வெட்கப்படாமல் சொல்லுவேன். கேட்டும் இருக்கிறார்கள்.

அப்புறம், சேவை என்றதும் பூசைக்குப் பிந்திய வேலைகளை மட்டும் எண்ணிக்கொள்ளாதே. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கோப்புகளை இழுத்தடிக்காமல், கைநீட்டாமல் முடித்துக் கொடுக்கும் எழுதுவினைஞர் செய்வது பெரிய சேவை. எங்கள் ஊரில் மொழியும் ஒரு இடிந்த மதில். தமிழ் மட்டும் தெரிந்த கிழவிக்குச் சிங்களத்தில் கடிதம் வருகிறது, அவர் அதை வைத்துக்கொண்டு யாரிடம் போவார்? தமிழரும் சிங்களவரும் ஒரே பீடத்துக்கு முன் முழங்காலில் நிற்பது எங்கள் சபையில்தான், அதனால் இந்தத் துண்டு எங்களுக்கு எதிரே இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு மொழியும் தெரிந்த பெண்கள் ஒரு மேசை போட்டு உட்காருகிறார்கள். 2023-இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத் திட்டம் வந்தபோது படிவம் நிரப்ப ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முக்காடிட்ட தாய்மாரும் வந்தார்கள்.

சுனாமி நாளில் நீயும் இங்கேதான் இருந்தாய். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை. அன்று கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் எதுவும் கதவு மூடவில்லை. அன்றைக்கு வந்த அந்த மனம் சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன், அது கடினம்.

யூஜின் ஹேபியர் அடிகளை அடிக்கடி நினைப்பேன். அமெரிக்காவிலிருந்து 1948-இல் வந்த இயேசுசபைக் குரு. மட்டக்களப்பில் தொழில்நுட்பப் பள்ளி நடத்திப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார், கூடப் போன தமிழ்ப் பையனும்தான். இன்றுவரை தடயம் இல்லை. அவர் பிறந்த ஊர் இதுவல்ல. போய்விடலாம் என்று அவர் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

சரி, உன் முதல் கேள்வி. முகப்பு விழுந்துவிடாது, இன்னும் சில மாரி தாங்கும். அந்தக் காசை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு அனுப்பு. பங்குத்தந்தையிடம் கதைத்துவிட்டேன், அவருக்கும் அதுதான் விருப்பம். அம்மாவின் பெயர் போடலாமா என்று கேட்டிருந்தாய். பெயர் போட வேண்டாம், அம்மா நினைவாகப் பூசையில் மன்றாடுவோம்.

கலியாணத் திகதி குறித்ததும் எழுது. ஊருக்கு வரும்போது இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷினுக்கான ஸ்ட்ரிப் கொஞ்சம் கொண்டு வா. நாங்கள் பார்க்கும் வயதானவர்கள் பலருக்குச் சீனி வருத்தம், இங்கே அது விலை கூட.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்