அந்தப் படம் பற்றியும், துணி அறை பற்றியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கும்பகோணம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முன் முடித்துத் தர வேண்டிய வேலைகளை ஒருவழியாக ஒப்படைத்துவிட்டு, வீடுகளுக்குத் துணி அறை செய்து தரும் இந்தப் பட்டறையில் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறோம். வழக்கமாக இந்த நேரத்தில் உங்களுக்கு எங்களிடமிருந்து வருவது ஓர் இனிப்புப் பொட்டலமும், காலண்டர் எப்போது கிடைக்கும் என்ற தகவலும்தான். இந்தத் தடவை மடலே எழுத வேண்டியதாகிவிட்டது. விலை ஏறியிருக்கிறது, மேஸ்திரி போய்விட்டார், அப்புறம் அந்தப் படம்.

படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். வாக்-இன் வார்ட்ரோப், அதாவது உள்ளே நடந்துபோகிற துணி அறை ஒன்றின் கீழ்த்தட்டு. அதில் மடித்து வைத்த அரக்கு நிறத் திருபுவனம் பட்டு. மடிப்பு ஓரத்தில், எள்ளை இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாகப் பூசணம். கீழே ஒரு வரி: "பச்சை மரத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்." கடைப் பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பித்தளைக் கைப்பிடியைப் பார்த்தாலே எங்கள் வேலை என்று நம் ஊரில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள்.

பூசணம் வந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் "பச்சை மரம்" என்ற அந்த இரண்டு வார்த்தையை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. என் அப்பா தச்சு வேலை செய்தவர். வேங்கை மரத்தை அறுத்துவந்து, இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் வருஷக்கணக்கில் காய வைத்த பிறகுதான் உளியை எடுப்பார். "மரம் காயாமல் ஆசாரி கை வைக்கக் கூடாது" என்பதை அவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன் நான். சரி, அது பழைய கதை. இன்று துணி அறைக்கு நாங்கள் போடுவது அறுத்த பலகையே இல்லை, பிளைவுட். மெல்லிய ஏடுகளாகச் சீவி, உலர்த்தி, பசை தடவி, சூடான பிரஸ்ஸில் அழுத்தி எடுக்கிற பொருள். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரவிதியின்படி அதன் ஈரம் 5 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 15 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. அதைப் பச்சையாகப் போட வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது.

புகார் வந்த மறுநாளே அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா எங்களிடம் ஒரு கடுமையான வார்த்தை பேசவில்லை, காபி கொடுத்தார்கள். படத்தை வெளியே அனுப்பியது அவர்கள் இல்லை, உறவுக்காரப் பையன் என்றார்கள். நம்புகிறோம். கையோடு கொண்டுபோயிருந்த ஈரமானியைக் கதவில் வைத்துப் பார்த்தோம், 11 சதவீதம் காட்டியது. பக்கப் பலகையில் 12. கீழ்த்தட்டின் உள்ளே, பின்பலகையில் வைத்ததும் 26. அலமாரிப் பெட்டியைக் கழற்றி முன்னால் இழுத்தோம். பின்னால் சுவர் முழங்கால் உயரத்துக்கு மேல் வரை கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் அப்பளம் போலப் பெயர்ந்தது, பூச்சு ஈர விபூதி மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம். ஷவர் குழாயின் மூட்டு ஒன்று சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. பிளம்பர் வந்து டைல்ஸை உடைத்துக் காட்டினார். அதுதான் நடந்தது. மரத்திலிருந்து ஈரம் சுவருக்குப் போகவில்லை, சுவரிலிருந்துதான் மரத்துக்கு வந்தது. பின்பலகை மட்டும் அந்த வேலையில் எம்.ஆர். ரகம், அதாவது ஓரளவு ஈரம் மட்டும் தாங்குகிற பிளை, அது கணக்குப் பேசும்போது முடிவானது. இப்போது கூலி வாங்காமல் தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 மரைன் பிளை போட்டு மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் தப்பு எது என்று கேட்டால் ஒன்று சொல்வேன். பாத்ரூம் சுவரில் பெட்டியை ஒட்டி வைக்க ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. "இடம் போகிறதே" என்று அவர்கள் கேட்டார்கள், நாங்களும் தலையாட்டினோம்.

நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வரைந்த பிளானை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் கிணற்று மட்டம் ஏறுவதை நீங்களே பார்க்கிறீர்கள். மண்ணோ களிமண், குடித்த தண்ணீரை விடாது. அது வடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தரைத்தளச் சுவரில் ஓதம் மூன்றடி வரைகூட ஏறுகிறது. நம் பாட்டிமார் காமரா உள்ளில், அதாவது சாமான் அறையில், டிரங்குப் பெட்டியைத் தரையில் வைத்ததே இல்லை. நாலு கட்டை மேல் ஏற்றி, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே துடைப்பம் நுழைகிற இடைவெளி விட்டு, உள்ளே சேலைக்கு நடுவில் வசம்பு போட்டு வைப்பார்கள். இப்போது எங்கள் பெட்டிகளுக்கும் அதே ஏற்பாடுதான், பெயர்தான் வேறு. பின்பக்கம் இரண்டு அங்குலம் இடைவெளி, மேலும் கீழும் காற்றோட்டத் துளை, அடியில் பிளைக்குப் பதில் நாலு அங்குலக் கிரானைட் திண்டு. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவித் தள்ளாத குடும்பம் இங்கே எது? பிளையில் அடிக்கட்டை வைத்தால் வாராவாரம் அது தண்ணீர் குடிக்கும்.

இனி அறை கேட்பவர்களுக்கு நாங்கள் வைக்கிற முதல் நிபந்தனையும் இதுதான். அளவெடுக்க வருவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளைச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவரில் ஓதம் இருக்கிறது. முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், எங்களை அப்புறம் கூப்பிடலாம். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் சுவர் மேல் பழியில்லை, அறைக் காற்றில்தான் ஈரம். அதற்குக் கதவில் சட்டம் சட்டமாகக் காற்று வழி விட்டு, ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். முடிந்தால் மழைக்காலத்தில் பாருங்கள். சித்திரையில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்.

அறையின் அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், தினம் பத்துப் பேர் போனில் கேட்கிறார்கள். ஹேங்கரில் சட்டை மாட்டினால் பெட்டிக்கு 24 அங்குல ஆழம் வேண்டும். இரண்டு பக்கமும் பெட்டி வைத்தால் அதுவே 48. நடுவில் ஒருவர் நின்று குனிந்து டிராயரை இழுக்க 36. மொத்தம் 84 அங்குலம், ஏழடி. உங்கள் அறையின் அகலம் ஆறடி என்றால் ஒரு பக்கம்தான் பெட்டி, எதிர்ப்பக்கம் கண்ணாடி, கொக்கி. "இரண்டு பக்கமும் எப்படியாவது வைத்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். வைத்துக் கொடுத்தால் மூன்றாம் மாதமே நீங்கள் பக்கவாட்டில் நடப்பீர்கள். கதவு உள்பக்கம் திறந்தால் ஒரு பெட்டிக்கான இடம் அதற்கே போய்விடும். வெளிப்பக்கம் திறக்கட்டும், இல்லையென்றால் தள்ளு கதவு.

அதைவிட முக்கியம், உங்களிடம் என்ன இருக்கிறது என்று எண்ணுவது. திருவையாறு பக்கம் ஒரு பெரியவர், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய படத்தைக் காட்டி, சுற்றிச் சுற்றி ஹேங்கர் கம்பியாகவே கேட்டார். எண்ணிப் பார்த்தால் அவரிடம் இருந்தது மூன்று பேண்ட். மீதியெல்லாம் வேட்டி, நாலு முழம், எட்டு முழம், ஜரிகைக் கரை, அங்கவஸ்திரம். ஹேங்கரில் அவருக்கு என்ன வேலை? ஆறு அங்குல ஆழத்தில் ஐந்து டிராயர் போட்டுக் கொடுத்தோம். இன்றுவரை வாழ்த்துகிறார்.

சட்டைக்கு 40 அங்குல உயரம் போதும், ஏழடிப் பெட்டியில் மேலும் கீழுமாக இரண்டு கம்பி போடலாம். அனார்கலி, கவுன் என்று நீளமானவை இருந்தால் 60 அங்குலத்துக்கு மேல் உயரத்தில் ஒரு தனித் தடுப்பு. கம்பி நாலடியைத் தாண்டினால் நடுவில் ஒரு தாங்கி வேண்டும், இல்லாவிட்டால் தொய்ந்து கொடிக்கயிறாகிவிடும். 18 மில்லி பிளைத் தட்டும் மூன்றடிக்கு மேல் தாங்கியில்லாமல் போனால் வளையும். பட்டுக்கு ஹேங்கர் வேண்டாம், இரும்பு ஹேங்கர் வேண்டவே வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவையுங்கள், ஓர் அடுக்குக்கு ஆறுக்கு மேல் போக வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் ஜரிகை அங்கேயே விட்டுப்போகும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது. பட்டுத் தட்டு இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கட்டும். அந்தப் படத்தில் இருந்தது கீழ்த்தட்டு என்பதைக் கவனித்தீர்களா? நாங்கள் வரைந்து கொடுத்த பிளானில் அது செருப்புக்கான இடம். சரி, விடுங்கள்.

பரணுக்கு 18 அங்குலம் விட்டால் விமானப் பெட்டிகளைப் படுக்கவைக்கலாம். நம் ஊரில் பாதி வீட்டுப் பரணில் துணி இல்லை, பிள்ளைகள் விட்டுப்போன பெட்டிகள்தான்.

மேஸ்திரி விஷயம். பதினாறு வருஷம் எங்களோடு இருந்தவர், ஆவணியில் சிங்கப்பூர் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. "வேறு கடைக்கு இழுத்துவிட்டார்கள்", "சம்பள பாக்கி" என்றெல்லாம் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், அங்கே மச்சான் இருக்கிறார், போனார். நாங்கள்தான் ரயில் ஏற்றிவிட்டோம். அவர் எழுதிவைக்கிற ஆள் இல்லை. உங்கள் வீட்டுச் சுவர் எந்த மூலையில் அரை அங்குலம் கோணல் என்பது அவர் தலையில்தான் இருந்தது. அதையும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார். புதிதாக வந்திருக்கும் இரண்டு தம்பிகளும் நல்ல வேலைக்காரர்கள், லேசர் வைத்து அளக்கிறார்கள். ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளக்கிறார்கள். அதனால் 30 நாள் என்று சொன்ன வேலை இனி 45 நாள். தை முகூர்த்தத்துக்கு அறை வேண்டுமென்றால் கார்த்திகை பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.

விலை: பிளை, மைகா, சேனல், கூலி எல்லாம் ஏறியிருப்பது உங்களுக்கே தெரியும். பிளைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. இரண்டு வருஷமாக 1,450-லேயே நிறுத்திவைத்திருந்த சதுர அடி விலை கார்த்திகை முதல் தேதியிலிருந்து 1,650. இதில் பின்பலகை உட்பட முழுவதும் மரைன் பிளை. இனி எம்.ஆர். கேட்டாலும் போடுவதாக இல்லை. முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான். புது ஆர்டர்களுக்கு உத்தரவாதம் ஐந்துக்குப் பதில் இரண்டு வருஷம், சுவர் ஓதத்தால் வரும் சேதம் அதில் சேராது.

இத்தனை நாளில் நீங்கள் செய்ததை மறக்க முடியாது. 2018-ல் கஜா புயல் அடித்த வாரத்தில், மன்னார்குடிப் பக்கம் கூரை போன வீடுகளில்கூட எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தேடி வந்து கொடுத்தார்கள். வாங்க மனம் வரவில்லை, தள்ளித்தான் வாங்கிக்கொண்டோம். கொரோனா ஊரடங்கில் பட்டறை பூட்டிக் கிடந்தபோது முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் இரண்டே பேர், அவர்களும் மருத்துவச் செலவுக்காக. இப்போது படம் சுற்றுகிற இந்த மூன்று வாரத்தில், "எங்க வீட்டுல ஒன்பது வருஷமாச்சு, ஒரு புள்ளி வரல" என்று அந்தக் குழுவிலேயே எழுதிய அக்காவுக்கு என்ன சொல்ல? அடுத்த தடவை கடைப்பக்கம் வந்தால் டிகிரி காபி எங்கள் கணக்கு.

ஏற்கெனவே எங்களிடம் அறை செய்தவர்களில் பாத்ரூம் சுவரை ஒட்டிப் பெட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் கணக்கில் பதினான்கு வீடு. கார்த்திகைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தம்பிகள் ஈரமானியோடு வருவார்கள், காசு கிடையாது. வருகிற அன்று கீழ்த்தட்டை மட்டும் காலி செய்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமை காலையும் வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பட்டறைத் தொழிலாளர்களும்