கூலியைச் சொல்லும் முன் பதிலைச் சொல்லுங்கள்

விளையாட்டுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சக தொழிலாளர்களுக்கு,

வணக்கம். பழைய ராக்கெட்டோடு வந்து நிற்பவர் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "இதைச் சரிபண்ணினா ஆடலாமா?" நாமோ அதற்குப் பதில் சொல்லாமல் கூலியை மட்டும் சொல்கிறோம்.

நானும் அப்படிச் செய்தவன்தான். தன் அப்பா ஆடிய மர டென்னிஸ் ராக்கெட்டை ஒருவர் கொண்டுவந்தார். இன்றைய ராக்கெட்டுக்குப் போடுகிற டென்ஷனிலேயே, அதாவது ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் அதே இறுக்கத்திலேயே, அதற்கும் ஸ்ட்ரிங் போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். சில நாளில் சட்டம் விரிசல் விட்டுத் திரும்பி வந்தது. பழைய மரம் அந்த இழுப்பைத் தாங்காது என்று எனக்கு முன்பே தெரியும். சொன்னால் வேலை கைவிட்டுப் போகுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ராக்கெட்டைக் கொடுக்க முடியவில்லை. இப்போது அப்படி யாராவது வந்தால், "இதன் முகம், அதாவது ஸ்ட்ரிங் கட்டும் பரப்பு, 65 சதுர அங்குலம்தான் இருக்கும். இன்று பலரும் ஆடுவது 100 சதுர அங்குலத்தில். டென்ஷனைக் குறைத்துக் கட்டித் தருகிறேன், ஆசைக்கு மெதுவாக ஆடுங்கள், போட்டிக்கு இது வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிரிக்கெட் மட்டைக்குப் புதுக் கைப்பிடி போடலாம், அடிமுனை பிளந்திருந்தால் ஒட்டிக் கட்டலாம். புதியதை விற்பதற்காக "இது தேறாது" என்பதும் பொய்தான். ஆனால் தடித்த பழைய மட்டையென்றால் முதலில் அளந்து பாருங்கள். 2017 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி ஓரம் 40 மில்லிமீட்டரையும், மொத்தத் தடிமன் 67 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. செலவு செய்தபின் நடுவர் சொல்லி மட்டைக்காரர் தெரிந்துகொள்வது நியாயமில்லை.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் நான் யாருடனும் சமரசத்துக்குத் தயாராக இல்லை. பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டில் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. நசுங்கியது மறுபடி எழாது. மேலே பெயின்ட் அடித்து, பட்டையை மாற்றிக் கொடுத்தால் விரிசல் மறையும், ஆபத்து அப்படியே இருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் அந்த வேலையை எடுக்காதீர்கள். வந்தவர் கோபித்துக்கொண்டு போகட்டும்.

ரசீதில் கூலிக்கு மேலே ஒரு வரி எழுதுங்கள்: போட்டிக்கு ஆகும், பழக்கத்துக்கு மட்டும், அல்லது வீட்டில் வைத்திருக்கலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டபின் வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்