ஓடத் தொடங்குவோருக்கு 16 வாரம் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டமான கம்ரேட்ஸ் முடிந்த மறுவாரம் தங்கள் இதழில் வெளிவந்த மராத்தான் பயிற்சிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம் மக்களை வீட்டைவிட்டு வெளியே வந்து ஓடச் சொல்லும் அதன் நோக்கத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதுவரை ஓடியே பழகாத ஒருவரை 16 வாரங்களில் 42.195 கிலோமீட்டர் ஓட வைக்கும் அட்டவணையும், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும் வழியில் வைத்திருக்கும் தண்ணீர் மேசை ஒன்றைக்கூட விடாமல் குடிக்க வேண்டும் என்ற அறிவுரையும் அதில் இருந்தன. இவ்விரண்டையும் அப்படியே நம்பி யாராவது தொடங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிப்பவள். சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொன்ன ஆண்டில், என் 46ஆம் வயதில், ஓடத் தொடங்கினேன். யாரும் வழி சொல்லித்தரவில்லை. எங்கள் தெருவிலிருந்து பள்ளி மைதானம் வரை மூச்சு முட்ட ஓடுவேன்; மறுநாளும் அதே வேகம். மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறம் விரலால் தொட்டாலே வலித்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு வாரம் ஓட முடியவில்லை. என் வயதுதான் காரணம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பின்னர் என்னோடு பயிற்சிக்கு வந்த இருபது வயதுப் பிள்ளைகள் அதே மூன்றாவது, நான்காவது வாரத்தில் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான், குற்றம் வயதில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. மூச்சு வாங்குவது குறைந்ததும், இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம் என்ற தெம்பு வருகிறது. எலும்புக்கும், குதிகாலின் பின்னால் கயிறுபோல் ஓடும் தசைநாணுக்கும் அந்த வேகம் கிடையாது; அவை உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். மூச்சு தயார், கால் தயாரில்லை என்ற அந்த இடைவெளியில்தான் பெரும்பாலோர் அடிபட்டு, ஓட்டம் நமக்கு ஒத்துவராது என்று விலகிவிடுகிறார்கள். தங்கள் கட்டுரையின் அட்டவணை அந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இரண்டாம் முறை நான் தொடங்கியது விளக்குக் கம்பங்களை எண்ணித்தான். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை மெதுவோட்டம், அதன்பின் இரண்டு கம்பம் நடை. வாரத்தில் மூன்றே நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். அருகில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். நடை குறைந்து ஓட்டம் கூடி, நிற்காமல் அரை மணி நேரம் ஓட எனக்குப் பத்து வாரங்களுக்கு மேல் ஆனது. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதைக் கல்வெட்டாகக் கொள்ளத் தேவையில்லை; மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைத்துக்கொள்வது எனக்கு உதவியது. ஐந்து கிலோமீட்டர், பத்து, அரை மராத்தான் என்று படிப்படியாக ஏறி, முழு மராத்தானுக்கு இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்வதே புதியவர்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. நம்மில் காவடி எடுப்பவர்கள் பத்து நாள் விரதம் இருந்து உடலையும் மனதையும் பக்குவப்படுத்திக்கொண்டுதானே எடுக்கிறார்கள்?

காலணி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும். ஆகவே பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். என் முதல் காலணியை விற்றவர் இறுக்கமாக இருப்பதுதான் நல்லது என்றார். இரண்டு கால் நகங்கள் கறுத்து விழுந்தன.

சர்க்கரை நோய் நம் சமூகத்தில் வீட்டுக்கு வீடு இருப்பதால் இதையும் சேர்க்கிறேன். ஓட்டம் சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும் என்பது உண்மை. ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும், சிலவகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓட்டத்தின் நடுவிலோ, சில மணி நேரம் கழித்தோகூட சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் மிட்டாய் இல்லாமல் வாசற்படி தாண்டக் கூடாது. நெடுநாள் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம் என்பதால் கொப்புளம் வந்தாலும் தெரியாமல் போகலாம். நான் ஓடி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து, இரண்டு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் பார்த்த பிறகுதான் குளிக்கப் போவேன். நெஞ்சில் பாரமோ மயக்கமோ தோன்றினால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

கம்ரேட்ஸ் ஓட்டத்தின் மீது எனக்குள்ள மதிப்பு சிறிதல்ல. முதல் உலகப் போரில் மடிந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்ற முன்னாள் போர்வீரர் தொடங்கிய அந்த ஓட்டத்தில், 1921 மே 24 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து 34 பேர் புறப்பட்டு 16 பேர் மட்டுமே டர்பன் வந்து சேர்ந்தார்கள். வெள்ளையர் அல்லாதவர்களும் பெண்களும் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1975இல்தான். அதற்கு முன் என் தந்தை போன்றவர்கள் சாலையோரம் நின்று கைதட்ட மட்டுமே முடிந்தது. அந்தச் சாலையில் நம் பிள்ளைகள் எண் பொறித்த சட்டையுடன் ஓடுவதைக் காணும்போது என் கண் நிறைகிறது. அதனாலேயே அவர்கள் ஆயத்தமில்லாமல் அங்கே போய் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய மேடுகள். பொதுவாக ஓர் ஆண்டு டர்பனிலிருந்து மேலேறியும் மறு ஆண்டு டர்பனை நோக்கி இறங்கியும் ஓடுவார்கள்; இறங்கும் ஆண்டில் எளிது என்று பலர் எண்ணுகிறார்கள். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைத் தாங்கித் தடுப்பது தொடையின் முன்தசை. அது நீண்டபடியே சுமை தாங்குவதால் உள்ளே நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. பல மணி நேரம் ஓடிவந்து ஃபீல்ட்ஸ் மேட்டிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும்போது அந்தத் தொடை பேசும். இறக்கத்தில் ஓடிப் பழகாதவர்களுக்கு அங்கேயே ஓட்டம் நடையாகிவிடும். நான் பார்த்திருக்கிறேன், அனுபவித்தும் இருக்கிறேன். இந்த ஓட்டம் ஜூனில் நடப்பதால் பயிற்சியின் அடித்தளம் ஜனவரி, பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் போடப்படுகிறது. டர்பனில் அந்த மாதங்களில் வியர்வை உலராது. அப்போது வேகம் குறைவது இயல்பு, அதற்காகக் கலங்கிக் கூடுதலாக ஓடக் கூடாது.

தண்ணீர் பற்றிய அறிவுரைதான் என்னை மிகவும் உறுத்தியது. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். இதை மருத்துவ உலகுக்கு முதலில் எடுத்துக்காட்டியவர்களே நம் நாட்டவர்கள்தாம். 1981 கம்ரேட்ஸ் ஓட்டத்தில் இப்படி மயங்கி விழுந்த ஒரு பெண் உட்பட நால்வரைப் பற்றி விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸும் அவரோடு இருந்த மருத்துவர்களும் 1985இல் எழுதினார்கள். எங்கள் குழுவிலேயே ஒரு தங்கை, மேசைக்கு மேசை இரண்டு தண்ணீர்ப் பாக்கெட்டுகளைப் பல்லால் கடித்துக் குடித்துக்கொண்டே வந்தவள், முடிவில் மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு விரல்கள் வீங்கி, தலைவலியும் வாந்தியுமாக, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டாள். நீர் வற்றிவிட்டது என்று எண்ணி நாங்கள் மேலும் தண்ணீர் கொடுக்கப் போனோம்; மருத்துவக் கூடாரத்தில் இருந்தவர்கள் தடுத்துக் காப்பாற்றினார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். அதுபோலவே, வலி வருமுன்னே இபுப்ரூஃபன் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் ஓடும் பழக்கமும் சிறுநீரகத்துக்குக் கேடு.

ஆகவே ஐயா, தண்ணீர் பற்றிய திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், நடையில் தொடங்கும் ஓர் அட்டவணையையும் வெளியிட்டால் பலருக்குப் பயன்படும். தனியாக ஓடத் தயங்கும் பெண்களுக்காக, சனிக்கிழமை காலைகளில் கட்டணமின்றி நடக்கும் ஐந்து கிலோமீட்டர் பார்க்ரன் பற்றியும் எழுதுங்கள். கம்ரேட்ஸை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ் 2011இல் அதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். பார்க்ரனில் முழுத் தூரத்தையும் நடந்தே முடிக்கலாம். எல்லோருக்கும் கடைசியாக நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பதால், யாருக்கும் கடைசி ஆளாகிவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகி ஒருவர்,
டர்பன்.