எங்கள் கடை திறந்துதான் இருக்கிறது

கைபேசித் தேடலும் வரைபடமும் நடத்தும் நிறுவனத்தின் கடைப் பதிவுப் பிரிவினருக்கு,

வணக்கம்.

ஆனி மாதத்திலிருந்து உங்களுக்கு ஆறு முறை எழுதிவிட்டேன். ஆறு முறையும் மறக்காமல் ஒரு புகார் எண் கொடுத்தீர்கள். ஆறையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். ஆகவே முன்கதை உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். திண்டுக்கல் நாகல்நகரில் என் அப்பா நடத்தும் பூட்டுக் கடை உங்கள் வரைபடத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று சிவப்பு எழுத்தில் கிடக்கிறது. கடை திறந்துதான் இருக்கிறது. இதை எழுதும்போதும் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பட்டறையில் அப்பா அரம் போடும் சத்தம் கேட்கிறது.

எப்படி மூடினீர்கள் என்பது ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆனியில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒன்பது நாள் ஷட்டர் இறங்கியிருந்தது. 'கண் ஆபரேஷன், அடுத்த வாரம் திறக்கும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம். அந்த வழியாகப் போன யாரோ ஒரு புண்ணியவான், அட்டையைப் படிக்காமல், 'திருத்தம் சொல்லுங்கள்' என்ற இடத்தில் விரலை வைத்திருக்கிறார். நீங்களும் சரி என்று ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். பதிவில் எங்கள் தொலைபேசி எண் இருக்கிறது. இருபது வருஷமாக அதே எண்தான். ஒரு அழைப்பு, ஒரே ஒரு குறுஞ்செய்தி, 'மூடிவிட்டீர்களா?' என்று கேட்டிருந்தால் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே பதில் சொல்லியிருப்பார்.

இதனால் வியாபாரம் எவ்வளவு போனது என்ற கணக்கை உங்களிடம் காட்டப் போவதில்லை. வராமல் போனவர்களை எண்ணுவதற்கு எந்தக் கணக்கு நோட்டிலும் பத்தி கிடையாது. தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்து அம்மன் கோயில். நகைப் பெட்டி வைக்கும் அறைக் கதவில் என் தாத்தா செய்த பூட்டு தொங்கியது. எட்டு லீவர் பூட்டு, அதாவது சாவியின் பல் தூக்கிவிடும் எட்டுத் தகடுகள் உள்ளே இருக்கும்; வெளியே பித்தளைத் தகட்டில் 1971 என்று உளியால் கொத்தியிருக்கும். ஆடித் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாவியின் பல் உள்ளேயே முறிந்துவிட்டது. கோயில் காரியம் பார்க்கும் பெரியவர் ஒருவர், என் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று பஸ் ஏறித் திண்டுக்கல் வந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட வந்த பையனிடம் போனில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பையன் பார்த்தான். சிவப்பு எழுத்து இருந்தது. 'தாத்தா, கடையையே மூடிட்டாங்களாம்.' பெரியவர் அப்படியே திரும்பிவிட்டார். ஊரில் வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, கட்டிங் மெஷின் வைத்துப் பூட்டின் வளையத்தை அறுத்தார்கள். பொறி பறந்து கதவில் கரி படிந்ததைத் தனியாகச் சொல்லி வருத்தப்பட்டார்.

எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், திருவிழா முடிந்து வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர் கடை திறந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போய் உள்ளே வந்தார். துணிப்பையில் அந்தப் பூட்டு இருந்தது. பழைய பித்தளைக்கு விலை கேட்க எடுத்துவந்திருக்கிறார்.

'என்னண்ணே, கடையை எடுத்துட்டீங்கன்னுல்ல போன்ல போட்டிருந்துச்சு?'

அப்பா பதில் சொல்லவில்லை. பூட்டை வாங்கி மேஜையில் வைத்து, பின்தகட்டைக் கழற்றி, லீவர்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தின் மேல் எடுத்து வைத்தார். முறிந்த பல் மூன்றாவது லீவரில் சிக்கியிருந்தது. குறட்டால் ஒரு இழுப்பில் வந்துவிட்டது. 'அரை மணி நேர வேலைண்ணே' என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பெரியவர் கதவுக்கு வட இந்தியாவிலிருந்து வரும் அலிகார் பூட்டு ஒன்றை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தார்.

நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்திருக்கலாம்தான். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தை அவர் ஏன் உடனே நம்பினார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நாகல்நகரிலும் சுற்றுப்பட்டிலும் நிஜமாகவே எத்தனையோ பட்டறைகள் மூடிவிட்டன. இயந்திரத்தில் அடித்து வரும் விலை குறைந்த பூட்டோடு கையால் ராவிச் செய்யும் பூட்டு போட்டி போட முடியாமல், பிள்ளைகள் மில்லுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. குறியீடு வந்ததால் ஆள் வந்துவிடவில்லை. இந்த ஊரில் ஒரு பூட்டுக் கடை மூடிவிட்டது என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை, 'ஓஹோ, இவரும் எடுத்துட்டாரா' என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உங்கள் தவறு விழுந்தது அப்படி ஒரு ஈரத் தரையில். இதே எழுத்தை ஒரு பிரியாணிக் கடைக்குப் போட்டிருந்தால் திண்டுக்கல்லில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிரியாணி என்றதும் நினைவு வருகிறது. வரைபடத்தில் எங்கள் கடையின் குறி நான்கு கடை தள்ளி ஒரு பிரியாணிக் கடையின் வாசலில் நிற்கிறது. அதன் பலனாக எங்கள் பூட்டுக் கடைக்கு ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் வந்திருக்கிறது: 'பீஸ் சின்னது, உப்பு ஜாஸ்தி.' அதை நீக்கச் சொல்லிக் கேட்டேன். உங்கள் கொள்கையை மீறவில்லை என்று பதில் வந்தது. சரி, அது இருந்துவிட்டுப் போகட்டும். படிக்கிறவர்களாவது சிரிக்கட்டும்.

கடையை நாங்கள்தான் நடத்துகிறோம் என்று நிரூபிக்க வீடியோ அனுப்பச் சொன்னீர்கள். வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும், தெரு தெரிய வேண்டும், பெயர்ப் பலகை தெரிய வேண்டும், தொழில் கருவிகள் தெரிய வேண்டும், கடைசியில் சாவி போட்டுக் கடையைத் திறந்து காட்டினால் நல்லது என்றீர்கள். ஐம்பது வருஷமாகப் பூட்டு செய்கிறவரிடம் பூட்டைத் திறந்து காட்டச் சொன்னதும் அப்பாவுக்குத் தனி உற்சாகம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஷட்டரில் தொங்குவது மாங்காய்ப் பூட்டு. முகப்பில் இருக்கும் குமிழை ஒருபக்கம் தள்ளினால்தான் சாவித் துவாரமே கண்ணுக்குத் தெரியும். அதை உங்களுக்கு விளக்கமாகக் காட்ட வேண்டும் என்று நிதானமாகத் தள்ளி, கேமராவைப் பார்த்து, திறந்தார். நடுவில் ஆட்டோ வந்து மறைத்ததால் மூன்று முறை எடுத்தோம்.

'அனுப்பிய தகவல் போதவில்லை' என்று நிராகரித்தீர்கள்.

எது போதவில்லை? அதைச் சொல்லவில்லை. அடுத்த வீடியோவில் ஜிஎஸ்டி சான்றிதழ், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, கரண்ட் பில் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிக் காட்டினேன். மறுபடி அதே வரி. நானாக ஊகித்ததைச் சொல்கிறேன்: பலகையில் கடைப் பெயர் தமிழில் இருக்கிறது, சான்றிதழில் ஆங்கிலத்தில். போதாததற்கு, ஒரு சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், இன்னொன்றில் வேறொன்று. 'ழ'வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இந்த மாநிலமே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. உங்கள் இயந்திரம் இரண்டும் வேறு வேறு கடை என்று முடிவு கட்டியிருக்கலாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான் கேட்பதெல்லாம் அதுதான். ஒரு மனிதர் பார்க்கட்டும்.

இதற்கிடையில் கம்ப்யூட்டர் சென்டர் தம்பி ஒருவர், 'அக்கா, புதுசா ஒரு பதிவு போட்டுடலாம்' என்றார். போட்டோம். ஒரே இடத்தில் ஒரே கடைக்கு இரண்டு பதிவு இருக்கிறது என்று அதை முடக்கினீர்கள். இப்போது எங்களிடம் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்று மூடப்பட்டது, இன்னொன்று முடக்கப்பட்டது. புதியதை நாங்களே அழித்துவிடுகிறோம், அது எங்கள் தப்புதான். பழையதைத்தான் மீட்டுத் தர வேண்டும். வாடிக்கையாளர்கள் பல வருஷமாக எழுதிய விமர்சனங்களும் போட்ட படங்களும் அதில்தான் இருக்கின்றன.

இன்னொரு விநோதம். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவி, அரத்துக்கும் உளிக்கும் வைஸுக்கும் சந்தனம் வைத்து, பொரி கடலை படைத்தோம். வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படம் எடுத்துப் பழைய பதிவில் போட்டார். அதை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். மேலே 'நிரந்தரமாக மூடப்பட்டது'. அதற்கு நேர் கீழே, இந்த வருஷத் தேதியோடு, மாலை போட்ட ஷட்டரும் அதன் முன்னால் அப்பாவும்.

விதிகளை நாங்கள் மீறியிருந்தால் இந்தக் கோபத்துக்கு அர்த்தமில்லை. பெயர்க் கட்டத்தில் பலகையில் உள்ள பெயரை மட்டும்தான் போட வேண்டும் என்பது உங்கள் விதி. அப்படியே போட்டோம். தேடிப் பாருங்கள், முதலில் வருகிறவர்கள் பெயர்க் கட்டத்திலேயே 'திண்டுக்கல் பூட்டு மலிவு விலை மொத்தம் சில்லறை ஹோம் டெலிவரி' என்று ரயில் வண்டி மாதிரி கோத்து வைத்திருக்கிறார்கள். தேடியதற்குப் பொருத்தம், தூரம், பெயர் பெற்ற அளவு, இந்த மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாகச் சொல்கிறீர்கள். பெயரை நீட்டினால் பொருத்தமும் கூடிவிடுகிறது போலும். பூட்டுத் தொழிலுக்கு இது புதிதில்லை. அமெரிக்காவில் பூட்டு திறப்பவர் என்று ஆளே இல்லாத முகவரிகளை இணைய வரைபடங்களில் நட்டு, போனில் ஒரு விலை சொல்லி, வாசலில் வந்து நின்று பல மடங்கு கறந்த கூட்டத்தைப் பற்றி அங்குள்ள பத்திரிகைகள் பல வருஷம் எழுதின. அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கத்தான் இத்தனை கெடுபிடி என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் இல்லாத கடையை நட முடிகிறவனுக்கு வழி தெரிகிறது. இருக்கிற கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் போதவில்லை.

உங்கள் பெயரைச் சொல்லி வரும் அழைப்புகள் வேறு. 'உங்க லிஸ்டிங் எக்ஸ்பயர் ஆகப் போகுது சார், பணம் கட்டினா முதல் பக்கத்துல கொண்டு வரோம்' என்று வாரம் ஒருவர் கூப்பிடுகிறார். இந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. போன வாரம் ஒருவனிடம் 'எவ்வளவுப்பா ஆகும்?' என்று கேட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து போனைப் பிடுங்க வேண்டியதாயிற்று. உண்மையான ஆள் ஒருவர்கூடப் பேச முன்வராத இடத்தில் போலி ஆட்கள் பேசுகிறார்கள்.

சட்டம் பேச எனக்கு ஆசையில்லை. ஆனாலும் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில், உங்களைப் போன்ற இடைநிலை நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், குறித்த நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒப்புகை விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆறும் ஐந்து நிமிடத்துக்குள் வந்தன. முடிக்க வேண்டிய கெடு எத்தனையோ முறை வந்து போய்விட்டது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரைபடத்தைப் பார்த்து ஈரோட்டிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் எங்களைத் தேடி வந்தவர்கள் உண்டு. வழி தெரியாத ஊரில் ஆட்டோக்காரரிடம் ஏமாறாமல் அவர்கள் கடை வாசலில் வந்து இறங்கியதற்கு நீங்கள்தான் காரணம். அந்த நன்றி மறக்கவில்லை. அதனால்தான் பணிந்தே கேட்கிறேன். பழைய பதிவைத் திறந்துவிடுங்கள். குறியை நான்கு கடை இந்தப் பக்கம் நகர்த்துங்கள். இனி யாராவது ஒரு கடையை 'மூடிவிட்டது' என்று அழுத்தினால், சிவப்பு எழுத்தைப் போடும் முன் பதிவில் இருக்கும் எண்ணுக்கு ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள். இதில் எதையும் இயந்திரத்தால் செய்ய முடியாது என்றால், தயவுசெய்து ஒரு மனிதர் பார்க்கட்டும்.

பார்க்க வருகிறவருக்காக நேரத்தையும் எழுதிவிடுகிறேன். திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 8 மணி வரை. ஞாயிறு விடுமுறை. மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை அப்பா சாப்பிட வீட்டுக்குப் போவார். அப்போது நான் இருப்பேன்.

இப்படிக்கு,
பூட்டுக் கடைக்காரரின் மகள்,
நாகல்நகர், திண்டுக்கல்.